இருபத்து நாலாம் நம்பர் ஒயர்

நாச்சிமுத்துதான் முதலில் ஆரம்பித்தான். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கேளுங்கள். மடியில் என்ன பெட்டி என்று நீங்கள் கேட்டது ஒரு வார்த்தைதான். ஆனால் நாச்சிமுத்துவைச் சொல்லாமல் இந்தப் பெட்டியைச் சொன்னால் நான் ஏதோ பைத்தியக்காரன் என்று உங்களுக்குத் தோன்றும். சொன்ன பிறகும் தோன்றலாம். அது உங்கள் இஷ்டம்.

இது ஆம்ப்ளிஃபயர். பாட்டுக் கேட்கிற செட். ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டும் கீழே டிக்கியில் இருக்கின்றன, போர்வை சுற்றி. இதையும் டிக்கியில் போடச் சொன்னார் கண்டக்டர். போடுவேனா? ஓசூர் போய்ச் சேரும் வரைக்கும் இது என் மடியில்தான். கால் மரத்துப் போய் வெகுநேரம் ஆகிறது. பரவாயில்லை.

நாச்சிமுத்து என் பெண்டாட்டியின் தம்பி. போன ஆடி நோம்பிக்கு, அதாவது ஆடிப் பண்டிகைக்கு, என் வீட்டுக்கு வந்து, என் வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு, நாலு பேர் பார்க்க என்னைச் சிரிக்க வைத்தவன். நான் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தார்கள்.

அவனும் நானும் ஒரே மில். சிங்காநல்லூர்ப் பக்கம். அவன் ஃபிட்டர், நான் சைடர். சைடர் என்றால் உங்களுக்குத் தெரியாது. நூல் ஓடுகிற மெஷினுக்குப் பக்கத்திலேயே மேலும் கீழும் நடந்துகொண்டே இருப்பவன். எங்கேயாவது இழை அறுந்தால் ஓடிப் போய் ஒட்டுப் போட வேண்டும். வேலை அவ்வளவுதான். அந்த ஒட்டு இருக்கிறதே, அதில் கட்டி தெரியக்கூடாது. விரலால் தடவினால் ஒட்டின இடம் தெரியக்கூடாது. நான் போட்ட ஒட்டை மேஸ்திரி கண்ணாடி போட்டுக்கொண்டு தேடுவார், கிடைக்காது. பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன், இருக்கட்டும். அதனால்தான் கெட்டது, பின்னால் வரும்.

மில்லுக்குள் சத்தம் என்றால் சத்தம், பக்கத்தில் நிற்கிறவன் கத்தினாலும் கேட்காது. அதனால் நாங்கள் வாயைத் திறந்து பேசுவதில்லை. உதட்டை அசைப்போம், எதிராளி பார்த்துப் புரிந்துகொள்வான். கடைசி மெஷினில் நின்று நாச்சிமுத்து உதட்டை அசைத்தால் இந்தக் கோடியில் எனக்குப் புரியும். டீ குடிக்கப் போலாமா, மேஸ்திரி வர்றான், உங்க பனியன் திருப்பிப் போட்டிருக்குது மச்சான், எல்லாம் உதட்டில்தான்.

நான் வேலை நேரம் முழுக்கப் பாடிக்கொண்டே இருப்பேன். எனக்கே கேட்காது. என் குரல் நல்ல குரலா, கழுதைக் குரலா என்பது எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது. வீட்டில் பாடினால் சரோஜினி, அதுதான் என் சம்சாரம், உடனே குக்கரை வைத்துவிடுவாள்.

ஒரு பாட்டு உண்டு. பேர் வேண்டாம், நீங்களும் கேட்டிருப்பீர்கள், எல்லாக் கல்யாண வீட்டிலும் போட்டதுதான். ஒரு நாள் கேன்டீனில் நாச்சிமுத்து சொன்னான், "மச்சான், அந்தப் பாட்டுல பொம்பளக் குரலுக்கு அடியில ஒருத்தன் கிடாரை வெச்சுட்டு நடந்துட்டே வர்றானுங்க. கவனிச்சிருக்கறீங்களா?"

"அதெல்லாம் கவனிச்சிருக்கறேன்," என்றேன்.

கவனித்ததில்லை. எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தேன். ரேடியோவில், பஸ்ஸில், கொட்டகையில். எனக்குப் பாடுகிற அம்மாவின் குரல்தான் கேட்டது. யாரும் நடக்கவில்லை. நாச்சிமுத்து மட்டும் அந்தப் பாட்டு எங்கே ஓடினாலும் மேஜையில் ரெண்டு விரலை நடக்க விடுவான். எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்கள்? இருந்தும் நானும் தலையை ஆட்டுவேன், ஏதோ எனக்கும் கேட்கிற மாதிரி. வருஷக்கணக்காக ஆட்டியிருக்கிறேன்.

அதனால் மில்லிலிருந்து நின்றதும் முதல் வேலையாக இந்த செட்டை எடுத்தேன். எங்கள் ஏரியாவில் கிரி என்று ஒருவர், செட் அசெம்பிள் செய்கிறவர், அவரிடம் சொல்லிச் செய்தது. பெட்டி இரண்டும் முழங்கால் உயரம். ஒயர் மட்டும் நீங்களே நல்லதாக வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்.

நாச்சிமுத்துவுக்கு இது எப்படியோ தெரிந்துவிட்டது. எப்படியோ என்ன, சரோஜினிதான். போன் போட்டான். "மச்சான், ஒயர் வாங்கறதுல ஏமாந்துராதீங்க. பதினாலு கேஜ் கேட்டு வாங்கோணும். ஞாயித்துக்கெழம நானும் வர்றனுங்க, ரெண்டு பேரும் போயிட்டு வரலாம்."

நான் சனிக்கிழமையே போய்விட்டேன்.

காந்திபுரத்தில் ஒரு கடை. கவுண்டரில் ஒரு பெண் நின்றிருந்தது, சின்ன வயது. பன்னிரண்டு, பதினாலு, பதினாறு, இருபத்து நாலு என்று சுருள் சுருளாக எடுத்து வைத்தது. நான் ஒவ்வொன்றையும் விரலுக்கு நடுவில் விட்டு உருட்டிப் பார்த்தேன். பன்னிரண்டு தடி. பதினாலு கொஞ்சம் குறைச்சல். நம்பர் ஏற ஏற ஒயர் மெலிகிறது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால் இது எங்கள் கணக்கு. நூலுக்கும் இதே கணக்குத்தான். பத்தாம் நம்பர் நூல் என்றால் தடி, ஜமுக்காளத்துக்குப் போகும். நாற்பது லுங்கிக்கு. நூறாம் நம்பர் என்றால் மாப்பிள்ளை வேஷ்டி. நம்பர் ஏற ஏற மெல்லிசு, மெல்லிசு ஆக ஆக உசத்தி. நாச்சிமுத்து என்னைப் பதினாலு வாங்கச் சொன்னானே, அதாவது என்னை ஜமுக்காளம் வாங்கச் சொல்லியிருக்கிறான். தான் மட்டும் வீட்டில் என்ன போட்டிருக்கிறானோ.

"இருபத்து நாலு குடு பாப்பா," என்றேன்.

"ஸ்பீக்கருக்கா கேட்டீங்க? அது காலிங்பெல்லுக்கு வாங்கிட்டுப் போறதுங்கய்யா."

"நூல்ல நம்பர்னா என்னன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

சொல்லிக் கொடுத்தேன். நின்று கேட்டது, பாவம். எனக்குப் பின்னால் ரெண்டு பேர் காத்திருந்தார்கள், அவர்களும் கேட்டார்கள். கடைசியில் அந்தப் பெண் இருபத்து நாலை அளந்து வெட்டிக் கொடுத்தது. விலையும் கம்மி. நல்ல சரக்கின் அருமை இந்தக் கடைக்காரர்களுக்குத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன். உங்களுக்குச் சிரிப்பு வருகிறது. சிரியுங்கள். நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வருவதில்லை. நீங்கள் என் மச்சினன் இல்லையே.

வீட்டில் பிளக் இருப்பது வாசல் பக்கம். ஸ்பீக்கர் வைக்க இடம் டிவிக்கு ரெண்டு பக்கமும். அதனால் ஒயர் சுவரோரமாகவே போய், கதவு நிலைக்கு மேலே ஏறி, அந்தப் பக்கம் இறங்கிச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. தூரத்துப் பெட்டிக்கு ஒயர் எட்டவில்லை. வெட்டிப் போட்ட துண்டு ஒன்று இருந்தது. ஒட்டுப் போட்டேன். மில் ஒட்டு. ரெண்டு இழையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலால் ஒரு முறுக்கு. கட்டி இல்லை. டேப் சுற்றினால் கட்டியாகத் தெரியும், அசிங்கம். சுற்றவில்லை. சரோஜினியைக் கூப்பிட்டு, "எங்க ஒட்டியிருக்குதுன்னு கண்டுபிடி பாக்கலாம்" என்றேன். அவளுக்கு அடுப்பில் வேலை இருந்தது.

ஆடி நோம்பி வந்தது. நாச்சிமுத்துவும் அவன் சம்சாரமும் வந்தார்கள். மாடியில் குடியிருக்கிற டீச்சரம்மாவையும் கூப்பிட்டிருந்தேன். கறிச்சோறு முடிந்தது. எல்லோரையும் ஹாலில் உட்காரவைத்தேன். நாச்சிமுத்துவுக்கு நடுவில் நாற்காலி. நான்தான் போட்டேன். நன்றாகக் கேட்கட்டும், கேட்டுவிட்டு ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று போட்டேன். அந்தப் பாட்டைத்தான் வைத்தேன்.

பாட்டுக்கார அம்மா பாடினாள். தகர டப்பாவுக்குள் இருந்து பாடின மாதிரி இருந்தது. அடியில் யாரும் நடக்கவில்லை. கேன்டீன் ரேடியோவில் கேட்டது கூட இதைவிடத் தேவலை. டீச்சரம்மா, "நல்லா இருக்குங்க" என்றார். நாச்சிமுத்து செட்டிலிருந்து ஆரம்பித்தான். கண்ணால் சுவரோரமாகவே போனான். நிலை மேல் ஏறினான். இறங்கினான். அப்புறம் என்னைப் பார்த்தான். உதட்டை மட்டும் அசைத்தான். மில்லில் அசைக்கிற மாதிரி.

ஒயருங்க மச்சான், என்றான். அப்பறமா மாத்திக்கலாம், என்றான்.

சத்தமில்லாமல்தான் சொன்னான். வேறு யாருக்கும் தெரியவில்லை. எனக்குத்தான் தெரிந்தது. எனக்கென்ன ஒளிவுமறைவு? என் வீட்டில் என் ஒயரைப் பற்றி ரகசியம் என்ன வேண்டிக்கிடக்கிறது?

"என்ன மாப்ளை, மொணமொணங்கற? சத்தமாச் சொல்லு. எல்லாருங் கேக்கட்டும்," என்றேன்.

"ஒண்ணுமில்லீங்க மச்சான்."

"இல்ல, சொல்லு. மொவத்துல என்னமோ எழுதியிருக்குதே."

"அட விடுங்க மச்சான்."

"ஃபிட்டர்னா எல்லாந் தெரியும். சைடருக்கு ஒண்ணுந் தெரியாது. அப்படித்தான?"

அப்போதுதான் அவன் எழுந்து போய், சுவர் பக்கத்தில் குனிந்து, சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தான். "இதுதானுங்களா ஒயரு? நான் நூலாம்படைன்னு நெனச்சனுங்க," என்றான். "அக்கா, வெளக்கமாத்த எடுத்துட்டு வந்தராத, மச்சானோட செட்டு நின்னு போயிரும்."

சிரித்தார்கள். அவன் சம்சாரம் சிரித்தது. டீச்சரம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். சரோஜினி சிரித்தாள், அதுவும் எப்படி, சுவரைப் பிடித்துக்கொண்டு. கல்யாணமான நாளிலிருந்து என் பேச்சுக்கு அவள் அப்படிச் சிரித்ததில்லை.

சத்தத்தை ஒரே திருப்பாகத் திருப்பிவிட்டேன். முழுசாக. தூரத்துப் பெட்டி அதிர்ந்தது, ஒயர் இழுபட்டது, என் ஒட்டு ஒன்றோடு ஒன்று தொட்டுக்கொண்டது. பட் என்று ஒரு சத்தம். இந்தா, இங்கே மேலே ஓட்டை ஓட்டையாக இருக்கிறதே, இது வழியாகப் புகை வந்தது. நாச்சிமுத்துதான் ஓடிப் போய் மெயினை அணைத்தான். ஃபேனும் நின்றுவிட்டது. அந்த இருட்டிலேயே டீச்சரம்மா, "நான் வர்றனுங்க" என்று மாடிக்குப் போய்விட்டார்.

அன்றிலிருந்து நான் அவனோடு பேசுவதை விட்டுவிட்டேன்.

செட்டைக் கிரியிடம் தூக்கிக்கொண்டு போனேன். திறந்து பார்த்தார். ஒயரையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார். ஒட்டின இடத்தை அவர் உடனே கண்டுபிடித்துவிட்டார், கருகியிருந்ததே. "யாருங்க இப்படி டேப் ஒட்டாம விட்டது?" என்றார்.

"என்ற மச்சினனுங்க," என்றேன். "ஃபிட்டர்."

பொய் என்று முழுசாகச் சொல்ல முடியாது. அவன் சிரிக்க வைத்ததால்தானே நான் சத்தத்தைக் கூட்டினேன்.

கிரி பொறுமையாக விளக்கினார். செட்டிலிருந்து ஸ்பீக்கருக்கு கரன்ட் தாராளமாகப் போக வேண்டும், ஒயர் மெலிந்தால் பாதி வழியிலேயே வலு போய்விடும் என்றார். இன்னொன்றும் சொன்னார். காலிங்பெல் ஒயரில் ரெண்டு இழையும் ஒரே வெள்ளை, எது பிளஸ் எது மைனஸ் என்று தெரியாமல் ஒரு பெட்டிக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார் உங்கள் மச்சினன், ஒரு பெட்டி தள்ளும்போது இன்னொன்று இழுக்கிறது, அதனால்தான் அடியில் வருகிற சத்தம் ஒன்றை ஒன்று தின்றுவிட்டது என்றார். "ஃபிட்டர்னு சொல்றீங்க, இதுகூடத் தெரியலியாட்ட இருக்குதே," என்றார். நானும் வருத்தமாகத் தலையாட்டினேன்.

இதற்கு நடுவில் நாச்சிமுத்து ஊரைவிட்டே போய்விட்டான். அவன் பையன் ஓசூரில் கம்பெனி வேலை. அப்பா அம்மாவை அங்கேயே கூட்டிக்கொண்டான். இங்கே இருந்த வீட்டையும் கொடுத்தாகிவிட்டது. இனி கல்யாணம் கருமாதிக்கு வந்தால்தான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லத்தான் வந்தான் என்பாள் சரோஜினி. வந்தான், இல்லை என்று சொல்லவில்லை. நான் அப்போது மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவன் வந்ததிலிருந்து கிளம்புகிற வரைக்கும் கழுவினேன். கீழே இருந்து கூப்பிட்டால் கேட்காதா என்கிறீர்கள். கேட்டது. அவன், அவன் சம்சாரம், சரோஜினி, மூன்று பேரும் மாறி மாறிக் கூப்பிட்டார்கள். ஆனால் மாடிக்குப் படி இருக்கிறதே, ஏறி வந்திருக்கலாமே. அவனுக்கு முழங்கால் வலி என்பாள். யாருக்கு இல்லை?

அவன் போன பிறகுதான் புது ஒயர் வாங்கினேன். அதே கடை, அதே பெண். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் இருந்தவரை முழங்கையால் இடித்தது. அவன் பதினாலு சொல்லியிருந்தானா, நான் பன்னிரண்டு வாங்கினேன். பதினாலு வாங்கினால் அவன் சொன்னதைக் கேட்டேன் என்று ஆகிவிடும் பாருங்கள். பன்னிரண்டு என்றால் அது என் முடிவு. தாம்புக்கயிறு மாதிரி இருந்தது. செட்டுக்குப் பின்னால் ஒயர் மாட்டுகிற ஓட்டையில் நுழையவே இல்லை. கிரி வந்து பார்த்து, "இந்த செட்டுக்கு இவ்வளவு தடி எதுக்குங்க? பதினாறே தாராளம்," என்றார்.

"அப்ப பதினாலு?"

"அதுவும் வேண்டியதில்லீங்க."

அது எனக்குப் பாதி வியாதி தீர்ந்த மாதிரி இருந்தது. அவன் சொன்னதும் சரியில்லை, கேட்டீர்களா? கிரி ஒயர் முனையில் சின்னப் பித்தளை ஊசி வைத்து, சிவப்புக் கோடு போட்ட இழையை சிவப்பில் மாட்டி, கறுப்பைக் கறுப்பில் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

நான் தனியாக உட்கார்ந்து அந்தப் பாட்டை வைத்தேன்.

நடந்தான். எப்படிச் சொல்வது? அம்மா பாடிக்கொண்டே இருக்கிறாள், அவளுக்குக் கீழே, தரையோடு தரையாக, ஒருத்தன் அவசரமே இல்லாமல் நடந்து வருகிறான். அவள் நின்றால் இவனும் நிற்கிறான். அவள் மேலே போனால் இவன் ஒரு படி இறங்குகிறான். இத்தனை வருஷமாக அவன் நடந்துகொண்டேதான் இருந்திருக்கிறான், எனக்குத்தான் தெரியவில்லை. சரோஜினியைக் கூப்பிட்டேன். ஈரக் கையோடு வந்து நின்றாள். "ஆமா, யாரோ நடக்கறாப்பல இருக்குதுங்க," என்றாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். "கண்ண தொடைங்க," என்றாள். ஒயர் வெட்டும்போது ஏதோ தூசி விழுந்திருக்கும்.

திரும்பிப் பார்த்தேன். நடுவில் நாற்காலி போட்டிருந்தேன். நான் ஓரத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அந்த நாற்காலியை எதற்குப் போட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

அங்கேதான் எனக்குக் கணக்குப் புரிந்தது. செட் சரியாகிவிட்டது, ஒயர் சரியாகிவிட்டது, ஆனால் அவன் சொல்ல வேண்டியது பாக்கி. நாலு பேர் நடுவில் நூலாம்படை என்றவன், "மச்சான், கேக்குதுங்க, நடக்கறானுங்க" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள். போன் போட்டேன். நான் பேசவில்லை, சரோஜினியை விட்டுப் போடச் சொல்லி, போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தேன். பாட்டு முடிந்ததும் அவன் குரல் வந்தது. "அக்கா, கொசு பாடறாப்பல இருக்குது. அந்தக் கிடாரெல்லாம் போன்ல எப்படி வரும்? மச்சான் பக்கத்துலதான் நிக்கறாரா? நல்லா இருக்கறாரா?"

"தொட்டி கழுவறேன்னு சொல்லு," என்றேன்.

அப்புறம்தான் இந்த முடிவுக்கு வந்தேன். அவன் வரமாட்டான். செட் போக வேண்டும். சரோஜினி கேட்டாள், "அவனப் பாக்கோணும்னா பாத்துட்டு வாங்க. அதுக்கு எதுக்குங்க இத்தன இரும்பு?" பெண்களுக்கு இந்த மாதிரி விஷயம் புரியாது. பார்க்கவா போகிறேன்? அவனை நான் பார்க்காத மூஞ்சியா? வாங்க வேண்டிய வார்த்தையை வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்ப வேண்டியது. அவள் ரெண்டு வேஷ்டி, மாத்திரை, துண்டு எல்லாம் மடித்து வைத்துவிட்டாள். எடுத்து வெளியே வைக்க நேரமில்லை. அவனுக்குப் பிடிக்கும் என்று கச்சாயம் சுட்டுக் கொடுத்திருக்கிறாள், அதுவும் இருக்கிறது. இந்தாருங்கள், நீங்கள் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். ரெண்டு எடுக்காதீர்கள், அவனுக்கு எண்ணிக்கை குறையும்.

ஓசூர் வந்துவிட்டதா? இதுவா பஸ் ஸ்டாண்டு?

அதோ, அந்தத் தூணுக்குப் பக்கத்தில் நிற்கிறான் பாருங்கள், வெள்ளைச் சட்டை. அவன்தான். நான் வருவதை யார் சொன்னது? சரோஜினிதான், வேறு யார். இளைத்திருக்கிறான். முழங்கால் வலி என்றவன் எதற்கு நின்றுகொண்டு இருக்கிறான், பெஞ்சு காலியாகத்தானே கிடக்கிறது.

இல்லை, கையெல்லாம் காட்டாதீர்கள். அவனே பார்க்கட்டும். வார்த்தை தர வேண்டியவன் அவன், அவன்தான் முதலில் வர வேண்டும். நான் இறங்கி, பெட்டியை எடுத்துக்கொண்டு, பேசாமல் நிற்பேன்.

அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறானே. வேறு எந்த பஸ்ஸையோ பார்க்கிறான். ஏனுங்க, அந்த ஜன்னலைக் கொஞ்சம் தள்ளுங்கள். இன்னும் கொஞ்சம். கூப்பிட மாட்டேன். இருமுவேன், அவ்வளவுதான்.